இன்றைய தேவைக்கு இன்றைய ஜெபம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஜெபிக்கக் கற்றுக்கொள்ளும் புதியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளையின் செருப்பு பிய்ந்துவிட்டது, மின்கட்டணம் கட்ட நாளைதான் கடைசி நாள். இதையெல்லாமா கடவுளிடம் போய்ச் சொல்வது?" நோய் தீர ஜெபிக்கலாம், பாவமன்னிப்பு கேட்கலாம், உலக சமாதானத்துக்காக மன்றாடலாம். செருப்புக்காகக் கேட்க மட்டும் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் அந்தக் கூச்சம் பல வருடங்கள் இருந்தது. இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த, கர்த்தருடைய ஜெபம் என்று நாம் சொல்லும் ஜெபத்தை ஒருநாள் நிதானமாகப் படித்தபோதுதான் அது விலகியது. பிதாவின் நாமம் பரிசுத்தப்பட வேண்டும், அவருடைய ராஜ்யம் வர வேண்டும், அவர் சித்தம் செய்யப்பட வேண்டும் என்று மூன்று பெரிய வேண்டுதல்கள் முதலில் வருகின்றன. அடுத்த மூச்சிலேயே, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" (மத்தேயு 6:11). பாவமன்னிப்பைக் கேட்கும் வரிகூட இதற்குப் பிறகுதான் வருகிறது. சாப்பாட்டுத் தட்டை ஜெபத்துக்குள் கொண்டுவந்து வைத்தவர் இயேசுவே. பிறகு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அன்றாடத் தேவைகளுக்காக ஜெபிக்க நான் கற்றுக்கொண்ட விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை.

முதல் படி: யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலர் ஜெபத்தை ஓர் அலுவலகத்துக்குப் போடும் மனுவைப் போல நினைக்கிறார்கள். வார்த்தை தப்பினால் திரும்பி வந்துவிடும் என்ற பயம். இயேசு சொன்னது வேறு. நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் (மத்தேயு 6:8). அப்பம் கேட்கிற மகனுக்குக் கல்லை எடுத்துக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்றும் கேட்டார் (மத்தேயு 7:9).

சரி, அவருக்கு முன்பே தெரியும் என்றால் எதற்காகக் கேட்க வேண்டும்? பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் தாய்க்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளை ஓடிவந்து "அம்மா, பசிக்குது" என்று மடியில் சாய்கிறதே, அது சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம். கேட்கக் கேட்கத்தான் நாம் யாரைச் சார்ந்து நிற்கிறோம் என்பது நமக்கே புரிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'தகப்பன்' என்ற சொல்லே சிலருக்குக் கசக்கும். வீட்டில் அடியும் ஏச்சும் வாங்கி வளர்ந்தவர்களுக்கு "பிதாவே" என்று தொடங்குவது எளிதல்ல. அவர்கள் 23-ம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டு "என் மேய்ப்பரே" என்று தொடங்கலாம். அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். பழகப் பழக மற்றச் சொல்லும் வாயில் வரும்.

இரண்டாம் படி: தேவையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"ஆண்டவரே, எங்கள் எல்லாத் தேவைகளையும் சந்தியும்" என்று பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது தப்பில்லை. ஆனால் அப்படிக் கேட்டால் பதில் வந்ததா, வரவில்லையா என்பதே தெரியாமல் போகும். அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். விலை உயர்ந்த டைரி எதுவும் தேவையில்லை.

என்னுடையது பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பேன். இடது பக்கம் தேதியும் தேவையும். வலது பக்கம், பதில் வந்ததும் எழுதுவதற்காக, காலி. இடது பக்கத்து வரிகள் இப்படி இருக்கும்: "வாடகை, வியாழக்கிழமைக்குள்." "அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை, பத்து நாளைக்கு." "நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப்போக ஒரு நல்ல சட்டை." "மேலாளரிடம் கோபப்படாமல் பேச வேண்டும்." கடைசி வரியையும் கவனியுங்கள். பொறுமையும் தூக்கமும் தெளிவான புத்தியும்கூட அன்றாடத் தேவைகள்தான்.

எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரளும்போது "எல்லாம் போச்சு" என்று தோன்றும். எழுந்து விளக்கைப் போட்டு எழுதிப் பார்த்தால் அந்த 'எல்லாம்' மூன்று வரியில் அடங்கிவிடும். மூன்று வரிக்காக ஜெபிக்க முடியும்.

எழுதும்போது, எது தேவை, எது ஆசை என்ற கேள்வி தானாக வரும். ஆசைகளை எழுதவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றுக்கு எதிரே ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், ஆசை என்று தெரிந்தே கேளுங்கள். கேட்டும் கிடைக்காததற்கு ஒரு காரணத்தை யாக்கோபு நேராகவே எழுதுகிறார்: நம் இச்சைகளுக்காகச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறோம் (யாக்கோபு 4:3). நீதிமொழிகளில் ஆகூர் என்பவரின் ஜெபம் ஒன்று இருக்கிறது. தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறார் (நீதிமொழிகள் 30:8). படியளப்பவர் என்று கடவுளைச் சொல்வது தமிழில் பழைய வழக்கு. பக்கத்து வீட்டுப் படியைப் பார்க்காமல் என் படியைக் கேட்கிற இந்த ஜெபத்தைப் போல எனக்கு உதவிய ஜெபம் வேறு இல்லை.

மூன்றாம் படி: 'இன்று' என்ற சொல்லை விடாதீர்கள்

நம்பிக்கை எனக்கு உண்மையில் பிடிபட்டது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவைத் தேவன் கொடுத்த கதை. தலைக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும். நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் அது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், ஓய்வுநாளுக்காக வைத்தது கெடவில்லை. இப்படியே 40 வருடம். கானான் தேசத்தின் விளைச்சலை அவர்கள் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனது (யோசுவா 5:12).

இதை ஒரு குடும்பத்தின் கண்ணால் பாருங்கள். 40 வருடம் அந்தக் கூடாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் கையிருப்பே இல்லை. ஆறாம் நாள் தவிர ஒவ்வொரு ராத்திரியும் பாத்திரத்தைக் காலியாக வைத்துவிட்டுத்தான் படுக்கப் போயிருப்பார்கள். அந்தக் காலிப் பாத்திரத்தோடு தூங்கப் பழகுவதையே நான் நம்பிக்கை என்று சொல்வேன்.

அப்படியானால் சேமிக்கக் கூடாதா? தாராளமாகச் சேமியுங்கள். ஆறாம் நாள் இரட்டிப்பாக எடுக்கச் சொன்னவரும் அதே கர்த்தர்தான். எகிப்தில் ஏழு வருட விளைச்சலில் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பைத் தேவன் தம்முடைய வேலைக்குப் பயன்படுத்தினார். திட்டமிடுவதில் குறை இல்லை. நாளைய பயத்தை இன்றைய தோளில் தூக்கி வைப்பதைத்தான் இயேசு வேண்டாம் என்றார்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34).

கர்த்தருடைய ஜெபத்தில் 'வேண்டிய' என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'எபியூசியோஸ்' என்ற சொல் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் மத்தேயுவிலும் லூக்காவிலும் உள்ள இந்த ஜெபத்தைத் தவிர வேறெங்கும் அது வருவதில்லை. 'இந்த நாளுக்குரிய' என்றும், 'வரும் நாளுக்குரிய' என்றும், 'உயிர் வாழத் தேவையான' என்றும் அறிஞர்கள் பலவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் அளவு சின்னதுதான். அடுத்த பத்து வருடத்துக்கான உத்தரவாதம் அந்த வரியில் இல்லை.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டும், கையில் பாதிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் வாடகையை எழுதுங்கள். அதற்குக் கீழே, "இதில் இன்றைக்கு எனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு இன்னொரு வரி எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் போனில் உண்மையைச் சொல்லும் தைரியம், வர வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு, இன்றைய வேலையைச் சரியாக முடிக்கும் பலம். அந்த இரண்டாவது வரிக்காக இன்று ஜெபியுங்கள். நாளைக்கு நாளைய வரி.

நான்காம் படி: ஜெபம் செய்யும் விதம்

பத்து நிமிடம் போதும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்கள் மொட்டை மாடியிலோ, எல்லோரும் எழும்புவதற்கு முன் சமையலறை மூலையிலோ உட்காரலாம். மண்டியிடுவதும் உட்காருவதும் நிற்பதும் உங்கள் உடல்நிலையைப் பொறுத்தது.

முதலில் ஒரு சங்கீதத்தை மெதுவாகப் படியுங்கள். அப்புறம் நேற்றைய நாளில் நன்றி சொல்ல ஒரு காரியத்தைத் தேடிச் சொல்லுங்கள். அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதும்போது, விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்தச் சொல்கிறார் (பிலிப்பியர் 4:6). அதன்பின் நோட்டைத் திறந்து வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் உடனே எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

வார்த்தை வரவில்லை என்றால் இப்படித் தொடங்கலாம்:

"பிதாவே, நேற்று ராத்திரி நல்ல தூக்கம் தந்தீர், நன்றி. இன்றைக்கு அம்மாவின் மாத்திரைக்குப் பணம் தேவை. எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. நான் செய்ய வேண்டியதைக் காட்டும். மற்றதை உம்மிடம் விடுகிறேன். எங்களைப் போலவே இன்று கஷ்டப்படும் பக்கத்து வீட்டாரையும் நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்."

அவ்வளவுதான். "பயமாக இருக்கிறது" என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். சங்கீதங்களில் பயமும் அழுகையும் நிறைய இருக்கின்றன. "இயேசுவின் நாமத்தில்" என்பதை மந்திரச் சொல்லாக நினைக்க வேண்டாம். என் தகுதியை வைத்துக் கேட்கவில்லை, அவரை முன்னிட்டு, அவருக்குப் பிடித்த விதத்தில் கேட்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

பகலில் குறுஞ்ஜெபமும் பழகுங்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா அவருக்கு முன்னால் நின்றபோது, "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா ஜெபித்துவிட்டார் (நெகேமியா 2:4). சில நொடிகள்தான் இருந்திருக்கும்.

ஐந்தாம் படி: எழுந்து, கையில் இருப்பதைத் தொடுங்கள்

ஜெபித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பதை வேதம் எங்கும் நம்பிக்கை என்று புகழவில்லை. இதே நெகேமியா, எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டியதும் தேவனை நோக்கி ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார் (நெகேமியா 4:9).

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறார். புருஷன் இறந்துவிட்டார். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவரிடம் கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. ஒரு குடம் எண்ணெய். அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார், அதுவும் கொஞ்சமல்ல, நிறைய. கதவைச் சாத்திக்கொண்டு வார்க்கச் சொல்கிறார். பாத்திரங்கள் தீரும்வரை எண்ணெய் நிற்கவில்லை. கடைசியில், அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிழைக்கச் சொல்கிறார். அற்புதம் தேவனுடையது. பாத்திரம் கேட்டு வீடு வீடாக நடந்ததும், வார்த்ததும், விற்கப் போனதும் அந்தக் குடும்பம்.

எனவே ஜெபம் முடிந்ததும் "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். தெரிந்த ஒரு கைத்தொழில், வரவேண்டிய பாக்கி, விண்ணப்பிக்காமல் விட்ட உதவித்தொகை, ஒரு தொலைபேசி எண். வேலை தேடுகிறவர் விண்ணப்பம் அனுப்பத்தான் வேண்டும். நோயாளி மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்துவதை விசுவாசம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். கர்த்தர் எப்படியும் தருவார் என்று திருப்பிக் கட்ட முடியாத கடனை வாங்குவதும் இதே ரகம்தான்.

ஆறாம் படி: மனிதரின் கையை மறுக்காதீர்கள்

இந்த விஷயத்தில் ஜார்ஜ் முல்லரின் பெயர் உங்கள் காதில் விழும். 1805-ல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஊழியம் செய்தவர். 1836-ல் வாடகை வீடு ஒன்றில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். 1870 வாக்கில் ஐந்து பெரிய கட்டடங்களில் 2000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. பணம் வேண்டும் என்று மனிதரிடம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்று அவர் தீர்மானித்திருந்தார். ஜெபித்ததையும் கிடைத்ததையும் தேதியோடு எழுதி வைத்தார். கணக்கு வழக்கில் மிகவும் கறாரானவர்.

இந்தச் சாட்சியைக் கேட்கும் புதியவர்கள், மனிதரிடம் உதவி கேட்பதே அவிசுவாசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. தேவன் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்று எல்லோரும் காண வேண்டும் என்பதற்காக முல்லர் எடுத்துக்கொண்ட தனி அழைப்பு அது. அவருக்கு வந்த உதவிகளும் மனிதர்கள் கொண்டுவந்து கொடுத்தவையே. பவுல் சிறையில் இருந்தபோது பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பியதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று நாம் சுவரில் மாட்டி வைக்கும் வசனம், அந்த நன்றிக் கடிதத்தில் வருவதுதான் (பிலிப்பியர் 4:18-19).

நம்பத்தகுந்த ஒருவரிடம், சபையில் மூத்த ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ போதகரிடமோ, உங்கள் தேவையைச் சொல்லி வையுங்கள். எனக்கு இது இன்றுவரை கஷ்டமான படி.

ஓர் எச்சரிக்கை. "இவ்வளவு காணிக்கை அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திரும்பும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். தகப்பனிடம் அப்பம் கேட்கக் கட்டணம் கிடையாது.

ஏழாம் படி: வலது பக்கம் காலியாக இருக்கும் நாட்கள்

இதைச் சொல்லாமல் வழிகாட்டி எழுதுவது நேர்மையாகாது.

என் பழைய நோட்டு ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருக்கின்றன. "அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பணம்." அதற்குக் கீழே, "அப்பா நன்றாக வீட்டுக்கு வர வேண்டும்." முதல் வரிக்கு எதிரே ஒன்பது நாள் கழித்துத் தேதி போட்டிருக்கிறேன். நினைத்தே பார்க்காத இடங்களிலிருந்து பணம் வந்து, கடைசி நாளில் சரியாகச் சேர்ந்தது. இரண்டாவது வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. அப்பா வரவில்லை. 'பரலோக வீட்டுக்குப் போனார் என்று எழுதிவிடு' என்று அன்பானவர்கள் சொன்னார்கள். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனாலும் நான் கேட்டது அதுவல்ல என்பதால் அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவை மூன்று இடங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று தொடங்கும் 13-ம் சங்கீதம். சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் மூன்றுதரம் ஜெபித்தும் பாடுகளின் பாத்திரம் நீங்காத இயேசு. தம் சரீரத்தில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலை மட்டும் பெற்ற பவுல் (2 கொரிந்தியர் 12:8-9). இவர்களிடம் விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? அப்படியிருக்க, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வராதபோது உங்கள் விசுவாசத்தைக் குறை சொல்கிறவர்களின் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

காத்திருக்கும்போது செய்யக்கூடியது சில உண்டு. அதே வரியைத் தினமும் வாசித்துக் கேளுங்கள். நடுராத்திரியில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டிய சிநேகிதனைப் பற்றி இயேசு சொன்னது இதற்காகத்தான் (லூக்கா 11:5-8). ஜெபிக்கவே முடியாத நாளில், உங்களுக்காக ஜெபிக்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் படுங்கள். பதில் வேறு உருவத்தில் வந்தால், வந்ததை வந்தபடி எழுதுங்கள். சட்டை கேட்டேன், கிடைக்கவில்லை, அந்த நேர்முகத் தேர்வு தொலைபேசியிலேயே முடிந்தது என்று ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

வாரம் ஒருமுறை

ஞாயிறு மாலையில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். வலது பக்கத்தில் நிரம்பியவற்றுக்கு ஒவ்வொன்றாக நன்றி சொல்லுங்கள். கிடைத்ததில் ஒரு பங்கை, சின்னதாக இருந்தாலும், வேறொருவரின் இடது பக்கத்து வரிக்குக் கொடுங்கள். அது யாருடைய வரி என்பதை அந்த வாரமே கண்டுபிடிப்பீர்கள், தேட வேண்டியிருக்காது.

இன்று இரவே தொடங்கலாம். நோட்டில் நடுக்கோடு போட்டு, தேதி எழுதி, நாளைக் காலையில் உங்களுக்குத் தேவைப்படும் ஒரே ஒரு காரியத்தை இடது பக்கம் எழுதுங்கள். அதை ஒருமுறை வாய்விட்டுப் பிதாவிடம் சொல்லுங்கள். பேனாவை நோட்டுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு விளக்கை அணையுங்கள்.